எஃகியும் செந்துருவும் ஓரணியில்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, இது வேலை விஷயம். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்பது பதினோரு வருஷமாக நான் படித்த பாடம்.

உன் காமிக்ஸ் கம்பெனியும் என் காமிக்ஸ் கம்பெனியும் ஒருவழியாகக் கைகுலுக்கிவிட்டன. என் நாயகி எஃகியும் உன் வில்லி செந்துருவும் சேர்ந்து ஒரே எதிரியை அடிக்கிற நாற்பத்தெட்டுப் பக்கச் சிறப்பிதழ். கதை நான், படம் நீ. படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் கேட்டுக் குடைந்தெடுத்தார்களாம். அவர்களுக்கென்ன தெரியும், இரண்டு பேரும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஒரே பென்சில் டப்பாவிலிருந்து பிறந்தவர்கள் என்று!

வக்கீல்கள் போட்ட நிபந்தனைகளைக் கேள். எஃகி எத்தனை குத்து விடுகிறாளோ, அத்தனை குத்து செந்துருவும் விட வேண்டும். யாரும் யாரையும் காப்பாற்றக் கூடாது. கைகுலுக்க முதலில் யார் கை நீட்டுவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரே படக்கட்டத்தில் இருவரும் நீட்டுவதாக முடிவாயிற்று. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் ஆறு பேர் இதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

முதல் இருபது பக்கங்களுக்கான கதை இத்துடன் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 12

கதாசிரியருக்கு,

ஒன்பதாம் பக்கத்தில் எஃகி எட்டுக் குத்து விடுகிறாள், செந்துரு ஏழுதான் விடுகிறாள். சரிசெய்யவும். பதினான்காம் பக்கத்தில், ஒரே கட்டத்தில் எஃகி ஓடி, கதவை உடைத்து, திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கட்டத்தில் ஒரு வேலைதான் எனக்கு வரைய வரும்.

என் பங்குக்கும் ஒரு நிபந்தனை. படுக்கையில் கிடக்கும் அம்மா யாரும் இந்தப் புத்தகத்தில் வரக் கூடாது. ஒருமுறை நீங்கள் எழுதியதே போதும்.

ஓவியர்


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நேரம் கடிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவை மூன்று வருஷம் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்டது நீ. 'இந்த இதழ் முடியட்டும், வந்துடறேன்' என்று போனில் சொல்லிச் சொல்லியே, எல்லாம் முடிந்த மறுநாள் வந்து நின்றவள் நான். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று உன்னைக் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்கடின்னு சொன்னா" என்றாய். நாலே மாதத்தில் அந்த வார்த்தையை எஃகியின் அம்மா வாயில் போட்டு அச்சேற்றிவிட்டேன். அம்மாவுக்குப் பெரிதாக ஏதோ செய்துவிட்டதாக நினைப்பு வேறு. செந்துருவை எடுத்துக்கொண்டு நீ எதிர்க் கம்பெனிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன். என்னை மன்னிக்க முடியுமா? இந்தப் புத்தகத்துக்கு நான் ஒப்புக்கொண்டதே இதைக் கேட்கத்தான்.

உன் அக்கா


மே 6

அக்காவுக்கு,

இருபது பக்கங்களுக்கும் மை போட்டு உன் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். எஃகியின் மூக்கை மட்டும் நாலு தடவை அழிக்க வேண்டியதாயிற்று. பழைய மூக்கு கைக்கு மறந்தே போய்விட்டது. பிறகு உன்னை நினைத்து வரைந்தேன், வந்துவிட்டது. உன் மூக்கு அப்படியொன்றும் அழகில்லை.

நீ கேட்ட மன்னிப்பு இப்போதைக்கு இருக்கட்டும். மீதிக் கதையை அனுப்பு.

தங்கை


மே 13

என் அன்புத் தங்கைக்கு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை மட்டும் எத்தனை தடவை பார்த்தேனோ! ஆபீசில் தேநீர் கொண்டுவரும் அம்மா, "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

மீதிக் கதை இத்துடன். கடைசிப் பக்கத்துக்கு ஓர் ஆசை. ஊரை விழுங்க வந்த இயந்திரம் நொறுங்கிக் கிடக்கிறது. இருவரும் கை நீட்டுகிறார்கள். அப்போது எஃகி, 'ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்கன்னு அம்மா சொன்னா' என்கிறாள். நீ சம்மதித்தால் மட்டும்தான். அம்மாவின் வார்த்தையை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து, முறையாக ஒருமுறை சொல்லிவிடலாம் என்று பட்டது.

உன் அக்கா


மே 21

அக்காவுக்கு,

வேண்டாம். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நானாகக் கட்டிச் சொன்னது அது. நீ அழுதுகொண்டு நின்றாய், எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி நாள் காலையில் கண் விழித்த அம்மா என்னை நீ என்று நினைத்துவிட்டாள். "பெரியவளே, வந்துட்டியா?" என்றாள். மூன்று வருஷம் பக்கத்தில் கிடந்தவள் நான், அவள் கண்ணுக்குத் தெரிந்தது நீ. வேறு என்ன செய்வது? "வந்துட்டேம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவ சரியாவே சாப்பிடறதில்லடி. என்னைப் பாத்துப் பாத்தே இளைச்சுப் போயிட்டா. நீதான் அவளைப் பாத்துக்கணும்" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அது உனக்குச் சொன்ன வார்த்தை, அக்கா. என்னைப் பார்த்துக்கொள் என்று நானே உன்னிடம் எப்படிக் கேட்பேன்? நீயாகக் கேட்பாய் என்று நாலு மாதம் காத்திருந்தேன். நீயோ நான் சொன்ன பொய்யை வண்ணத்தில் அச்சடித்து எனக்கே ஒரு பிரதி அனுப்பிவைத்தாய். வார்த்தையைத் திருடினாய் என்று எனக்குக் கோபமில்லை. சாப்பிட்டாயா என்று ஒரு தடவைகூட நீ என்னைக் கேட்கவில்லை. அதுதான்.

தங்கை


மே 25

தங்கைக்கு,

சனிக்கிழமை மதியம் வருகிறேன். சாப்பாடு செய்து எடுத்து வருகிறேன்.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மூன்று தடவை மணி அடித்தாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம், கையில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். உன் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை நகரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன். கோபமெல்லாம் போய்விட்டது, அதைப் பற்றி இனி நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. ஆனால் கதவைத் திறந்திருந்தால் உன்மேல் சாய்ந்து அழுதிருப்பேன். அப்புறம் உனக்கு அடுத்த இதழ் வரும், வேலை வரும், நீ போவாய். இன்னொரு தடவை உனக்காகக் காத்திருக்க என்னால் ஆகாது, அக்கா.

வாசலில் நீ வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டேன். சூடு ஆறவில்லை. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

டிபன் கேரியரைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அதை வாங்க நீ வர வேண்டாம். உன் ஆபீசுக்குப் போகும் இந்த வாரப் பக்கங்களோடு சேர்த்துக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

உன் தங்கை