ஸாவ் என்றால் பன்றி

ஒக்டோபர் 23, சனி

புகார். வெள்ளையாய் மூடிக்கிடக்கிறது; பத்து மணிக்கும் ஆராவ் நகரப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சுவிசில் இந்த மாதம் இப்படித்தான்.

தோட்டம் போய்விட்டது. கிழக்கு வேலியைப் பிடுங்கி எறிந்திருக்கிறது. உள்ளே உழவு மெஷின் விட்ட மாதிரி. போனவை:

கிண்ட வைத்திருந்த உருளைக்கிழங்கு, நாலு வரி.
விதைக்கு விட்ட சோளன், முழுவதும்.
போன கிழமை ஊன்றின உள்ளி.
பூசணி ஏழு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. முழுக்கத் தின்றிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்து வால்ட்டர் வந்து குளம்படி பார்த்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், வேட்டைக்காரரும்கூட. "காட்டுப் பண்டி. நல்ல பெரிசு," என்றார். அவருடைய நாய் பிக்கோ, கறுப்பு, கட்டைக்கால், கிழங்குக் குழிக்குள் மூக்கை விட்டுத் தும்மியது.

கோதாரியில போன பண்டி. சாகிறதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 25, திங்கள்

ரெஸ்டோரண்டில் இரண்டு சாக்குக் கிழங்கு உரித்தேன். உரிக்க உரிக்க அந்த ஏழு கடிதான் கண்ணுக்குள். விரல் வெட்டுப்பட்டது. பிளாஸ்டர் வாங்க வேண்டும்.

பின்னேரம் வால்ட்டர்: "வாற மாதம் பதின்மூண்டாம் திகதி வேட்டை. லைசன்ஸ் இல்லாமல் துவக்குத் தரமாட்டினம். ஆனா விரட்ட ஆள் வேணும். வாறீரோ?"

கேட்டு முடிக்க முதல் "வாறன்" என்றேன்.

நவம்பர் 8, திங்கள்

மழை. கந்தசட்டி தொடக்கம். மனிசி ராணிக்கு ஒருநேரச் சாப்பாடு, எனக்கும். சனிக்கிழமை சூரன் போர். கோயிலுக்கு வரமாட்டேன், வேட்டைக்குப் போகிறேன் என்றதும் அகப்பையோடு திரும்பினாள்.

"விரதத்தில உயிர் எடுக்கப் போறியளோ?"

"முருகன் மட்டும் அண்டைக்கு என்ன செய்தவர்?"

"அவர் சூரனை மயிலும் சேவலுமா ஆக்கினவர். நீங்கள் பண்டியை என்னவா ஆக்கப் போறியள்?"

"இறைச்சியா."

இரவு வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். அவளுக்கென்ன, அவளா குனிந்து நட்டது?

நவம்பர் 12, வெள்ளி

சனி ஷிஃப்டை மாற்றியாயிற்று. வால்ட்டர் தன் பழைய றபர் சப்பாத்தைத் தந்தார். ஒரு அளவு பெரிது, இரண்டு சோடி மேஸ் போட்டால் சரி. செம்மஞ்சள் அங்கி. தடி.

சட்டம் சொல்லித் தந்தார். வரிசை குலையாமல் நடக்க வேண்டும். சும்மா நடக்கும்போது "ஹொப், ஹொப்." பன்றியைக் கண்டால் மட்டும் "ஸாவ்!" அதைக் கேட்டால் துவக்குக்காரர் அந்தப் பக்கம் திரும்புவார்கள். "காணாமல் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது," என்று இரண்டு தரம் சொன்னார்.

ஸாவ் என்றால் பன்றியாம். சிரிப்பு வந்தது. அவர்களுக்குப் பன்றி, எங்களுக்குச் சாவு. இதைவிடப் பொருத்தமாக எவன் பெயர் வைப்பான்?

அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வெளியே ராணி: "ஆரைத் திட்டுறியள்?"

நவம்பர் 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. புகார், ஐம்பதடிக்கு அப்பால் எல்லாம் வெறும் நிழல். துவக்குக்காரர் காட்டுக்கு அந்தக் கரையில். விரட்டுகிறவர்கள் ஏழு பேர் இந்தக் கரையில். நாய்கள் முன்னால், பிக்கோவும். கொம்பு ஊதினார்கள். நடந்தோம். ஹொப், ஹொப். இரண்டு மான் ஓடியது. அவ்வளவுதான்.

பிறகு இடது பக்கம் ஒருவன் "ஸாவ்! ஸாவ்!" இரண்டு வெடி. தப்பிவிட்டதாம். அடுத்தவனும் கத்தினான், அதற்கடுத்தவனும். எனக்குக் கேட்டது சாவு, சாவு, சாவு. வெள்ளைக்காரர் எல்லாரும் எனக்காகத் தமிழில் திட்டுகிற மாதிரி. நெஞ்சு கொதித்தது. அந்தக் கரைக்குக் கிட்ட வந்துவிட்டோம்; முன்னால் முட்பற்றை ஒன்று அசைந்தது. உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. தடியால் பற்றையை அடித்து அடித்துக் கத்தினேன்: "சாவு! சாவடா நாயே! சாவு!"

அந்தக் கரையிலிருந்து ஒரு வெடி.

பிக்கோ.

சுட்டது பேக்கரிக்கார உர்ஸ், வால்ட்டரின் முப்பது வருடச் சிநேகிதர். துவக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "இவர் ஸாவ் எண்டு கத்தினவர், கறுப்பா ஏதோ பாஞ்சுது, சுட்டன். பண்டியே இல்லை."

வால்ட்டர் நாயை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பண்டியைக் கண்டனீரோ?"

இந்த நாட்டில் இருக்கிற பெர்மிட் புதுப்பிக்கிறது ஜனவரியில். அதுதான் முதலில் நினைவில் வந்தது. வெட்கம்.

"ஓம். கண்டனான். பெரிசு," என்றேன்.

நவம்பர் 14, ஞாயிறு

பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. ராணி பத்துக் கறி வைத்தாள். சோற்றைத் தள்ளி வைத்தேன். காய்ச்சல் என்றேன்.

வால்ட்டர் பிக்கோவைத் தன் தோட்டத்து அப்பிள் மரத்தடியில் புதைத்தார். நான் கிடங்கு வெட்டினேன். நிலம் இறுகிப்போய். உர்ஸ் ஒரு பாணும் பூவும் கொண்டு படலைக்கு வந்தார். வால்ட்டர் படலையைத் திறக்கவில்லை.

"பண்டி பக்கத்தில நிக்க என்ர நாயைச் சுட்டவன். அதுக்கு மேல, பண்டியே இல்லையெண்டு பொய். சாகும் வரைக்கும் அவன்ர முகத்தில முழிக்க மாட்டன்."

உர்ஸ் என்னைத்தான் பார்த்தார். பாணை வேலிக் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

நாயே என்றும் கத்தினேனே. அது சும்மா வாயில் வருகிற சொல். ஆரைத் திட்டினாலும் வருகிற சொல்.

நேற்றிலிருந்து பன்றியில் கோபமே வரவில்லை. வரவழைத்துப் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 15, திங்கள்

வெயில். வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வால்ட்டர் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். ஜெர்மன் தடுக்கியது.

"நான் பண்டியைக் காணேல்லை. உர்ஸ் சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்."

"காணாமல் ஏன் ஸாவ் எண்டு கத்தினனீர்?"

"நான் சொன்னது ஸாவ் இல்லை. எங்கட பாசையில் சாவு எண்டா... சாகச் சொல்லுறது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பண்டி அங்க இல்லை. அப்ப ஆரைச் சாகச் சொன்னனீர்?"

பெயரைச் சொன்னேன். இலங்கை ஆமிக் கப்டன் ஒருவன். அண்ணையை வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவன். அண்ணை திரும்பி வரவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயரை ராணிக்கும் சொன்னதில்லை. முதல் தரம் சொன்னது ஒரு சுவிஸ்காரனுக்கு, அதுவும் நாயைப் பறிகொடுத்தவனுக்கு.

"அவன் செத்திட்டானோ?"

"இல்லை. பெரிய பதவியில இருக்கிறானாம்."

"பிக்கோ செத்திட்டுது," என்றார் வால்ட்டர்.

கதவைச் சாத்தினார். நான் படியிலேயே நின்றேன். உள்ளே டெலிபோனை எடுக்கிற சத்தம். பிறகு, "உர்ஸ்," என்றார்.