வேலியோரத்துக் கான்

2008 மார்ச் 9, ஞாயிறு

நேற்றுக் கொட்டிய பனி ஜன்னலின் பாதிவரை நிற்கிறது. வாசலை வெட்டித் திறக்க இரண்டு மணித்தியாலம். பக்கத்து வீட்டு யோசெப்பும் அதே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். இருவரும் பனியைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக இதில் நல்ல பயிற்சி.

பின்னேரம் மொன்றியல் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேந்திரராசா தொலைபேசியில். ஏப்ரல் 12 மண்டபத்தில் நான் பேசவேண்டுமாம். தலைப்பு: 'ஆற்றங்கரைகளில் பிறந்த நாகரிகங்கள்'. "ஊரிலை சரித்திரம் படிப்பிச்ச ஆள் நீங்கள்தானே, மாஸ்டர்" என்றார். பாண் சுடும் தொழிற்சாலையில் பதினாலு வருடமாக என்னை ஒருவரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. உடனே ஓம் என்றுவிட்டேன்.

மார்ச் 10

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தான் ஆற்றங்கரை பற்றிப் பேசப்போகிறேன். "ஏன், வழுக்கையாறு இருக்குத்தானே?" என்கிறாள் சிவநேசம். மனைவி என்றால் இப்படித்தான் கைகொடுக்க வேண்டும். மாரியில் ஓடும், மற்ற நாளில் மாடு மேயும். அதுவும் ஆறுதான்.

மார்ச் 16

நூலகத்திலிருந்து ஐந்து புத்தகங்கள். நைல், யூப்ரட்டீஸ், சிந்து. வாசிக்க வாசிக்க ஒன்று விளங்குகிறது. ஆறு சும்மா கிடந்து நாகரிகத்தைப் பெற்றுப் போடவில்லை. வாய்க்கால் வெட்ட, தூர் வார, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச, பிடிக்காதவனோடும் சேர வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகுதான் தலைவன், சட்டம், எழுத்து எல்லாம். பேச்சுக்கு இப்படி எழுதிக்கொண்டேன்: 'ஒரே வாய்க்காலைப் பகிர்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டும்.' அழகான வசனம். இரண்டு தரம் கோடிட்டேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த சிவநேசம் எட்டிப் பார்த்தாள். "இதை ஆருக்குச் சொல்லப் போறியள்?"

"சபைக்கு."

"ஓ. சபைக்கு மட்டும்தானோ."

இவளுக்கு ஒன்றும் மறக்காது. சரி, எழுதியே விடுகிறேன். எங்கள் வளவுக்கும் யோசெப்பின் வளவுக்கும் நடுவில், முழங்கால் ஆழத்தில் ஒரு கான், வெறும் வடிகால்தான், ஓடியது. பனி உருகினால் இரண்டு வீட்டுத் தண்ணீரும் அதால்தான் தெருவுக்குப் போகும். 2006 கோடையில் நான் அதை மண் போட்டு மூடி, வேலியை அந்தப் பக்கம் தள்ளி நட்டு, வெண்டியும் பயிற்றையும் வைத்தேன். ஊரில் இதற்கு வேலி அரக்குதல் என்று பெயர். கடல் தாண்டி வந்தும் ஒரு முழம் அரக்காவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

யோசெப் மன்னார்க்காரர், குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். "அண்ணை, தண்ணி போற வழியை மூடாதேங்கோ" என்று மரியாதையாகத்தான் சொன்னார். "என்ரை எல்லை எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது. வீடு வாங்கும்போது பத்திரம் எழுதிய நொத்தாரிசு தந்த காணி அளவைப் படத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை. பார்த்தால் தோற்றுவிடுவேன் என்ற பயம்.

அதோடு பேச்சு நின்றது. சிவநேசமும் யோசெப்பின் மனைவி அல்போன்சம்மாவும் ஒன்றாக பஸ்ஸில் வேலைக்குப் போனதும் நின்றது. போன வருடம் பனி உருகியபோது ஒன்றும் நடக்கவில்லை. அதை என் வெற்றி என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5

உருகுகிறது. பாத்திக்கு அப்பால் தண்ணீர் நிற்கிறது. என் பக்கம் அல்ல.

ஏப்ரல் 8

யோசெப்பின் பேஸ்மென்டுக்குள் தண்ணீர். காலையிலிருந்து பம்ப் இரைகிறது. அவர் மகள் அனோஜினி கைக்குழந்தையோடு கீழேதான் இருந்தாள். பிள்ளையை மேலே ஹோலில் படுக்கவைத்திருக்கிறார்களாம்.

"அவையின்ரை வீடு பதிவு, பள்ளத்திலை" என்றேன்.

"ஓம். நாங்கள் நல்ல உயரத்திலை" என்றாள் சிவநேசம். பிறகு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மூடியதால்தானா? இந்த வருடம் பனி கூட. மொன்றியல் முழுக்கத்தானே உருகுது? எல்லாத்துக்கும் நானே பொறுப்பு?

ஏப்ரல் 12, சனி

பேச்சு நன்றாகத்தான் போனது. 'தூர்ந்த வாய்க்காலைத் திறக்காத நகரம் நிலைக்காது' என்ற இடத்தில் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் யோசெப் எழும்பினார். வந்திருந்தது எனக்குத் தெரியாது.

"மாஸ்டர், நல்லாச் சொன்னியள். ஒரு கேள்வி. அந்தக் காலத்திலை ஒருத்தர் தண்ணியை அடுத்தவன்ரை காணிக்குள்ளை விட்டால் என்ன செய்வினம்?"

மறுமொழி எனக்குத் தெரியும். முந்தநாள்தான் வாசித்தேன். தெரியாது என்று சொல்லவும் இந்த மாஸ்டர் பட்டம் விடவில்லை. "பாபிலோனிலை சட்டமே இருந்தது. அழிஞ்ச பயிருக்கு ஈடு குடுக்கவேணும். ஏலாட்டி அவனையே வித்துப்போடுவினம்" என்றேன்.

சபை சிரித்தது. யோசெப் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஏப்ரல் 13

புதுவருடம். சிவநேசம் பொங்கல் பொங்கினாள். கோயிலுக்குத் தனியாகப் போனாள்.

ஏப்ரல் 14

பொறுக்க முடியாமல் அளவைப் படத்தை எடுத்தேன். நாடாவைப் பிடித்து மூன்று தரம் அளந்தேன். கான் முழுக்க என் காணிக்குள். அதற்கு அப்பாலும் ஒரு அடி என்னுடையது! இரண்டு வருடமாக நான் அரக்கியது என் சொந்த நிலத்தை.

சந்தோசத்தில் துள்ளாத குறை. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யோசெப்பின் கதவைத் தட்டப் போனேன். வழியில் பேஸ்மென்ட் ஜன்னல் திறந்திருந்தது. அனோஜினி ஈரக் கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "அங்கிள், இதிலை ஒருக்காப் பிடிப்பியளோ?" என்றாள். படத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுப் பிடித்தேன். ஊத்தைத் தண்ணீர் கையெல்லாம் வழிந்தது. மேலே பிள்ளை அழுதது. வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

விடிந்ததும் வேலியைப் பிடுங்கி, மூடிய கானை வெட்டத் தொடங்கினேன். மண்வெட்டி ஒரு சாண்தான் இறங்கியது, கீழே இன்னும் உறைந்த மண். பத்து மணிக்கு யோசெப் வந்து நின்று பார்த்தார்.

"அண்ணை, சரிவு பிழை. இப்பிடி வெட்டினால் தண்ணி உங்கடை வீட்டுக்குள்ளைதான் போகும்."

பிறகு தன் மண்வெட்டியைக் கொண்டுவந்தார். "எல்லைக் கான்தானே. பாதி என்ரை. நானும் வெட்டத்தான் வேணும்."

படம் அதே சட்டைப்பையில்தான் இருந்தது.

"ஓம் யோசெப். பாதி உங்கடைதான்" என்றேன்.

நாலு மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. அவர் சொன்ன சரிவில்.

மே 24

சிவநேசமும் அல்போன்சம்மாவும் மறுபடி ஒரே பஸ்ஸில். அனோஜினியும் குழந்தையும் திரும்பக் கீழே குடிபோய்விட்டார்கள்.

இன்று யோசெப் வந்து, பயிற்றங்கொடிக்கு இனி எங்கே இடம் என்று விசாரித்தார். தன் பக்கத்தில், கானை ஒட்டி, ஒரு அடி அகலத்துக்கு எனக்கு ஒரு பாத்தி தருகிறாராம். தானே அளந்து கயிறு கட்டினார். "வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, அயலுக்குள்ளை என்ன கணக்கு" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அளவைப் படம் இந்த நாட்குறிப்பின் பின்மட்டைக்குள் இருக்கிறது. சிவநேசத்துக்கும் சொல்லவில்லை.