கண் மூடி முழிக்கும் திரை

பார்சலைப் பிரித்ததும் கருகிய காப்பிக்கொட்டை வாசம் வந்தது. மலைமேல் இருக்கும் கொட்டச்சேடு எஸ்டேட்டில் பழைய உலர்த்தும் மிசினைக் கழற்றிவிட்டு, அதற்கு நாம் இருவரும் செய்துகொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டியை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கோபம் போகவில்லை. வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும்.

1. திரை ஏன் உறைந்தது.
2. பழியை யார்மேல் போட்டாய்.
3. கடைசிவரை நீ அதைத் திருத்தவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அந்தச் சின்னத் திரையில் வெப்பத்துக்கு ஒரு பக்கம், நேரத்துக்கு ஒரு பக்கம். பட்டனை அமுக்கினால் மாறும். நினைவகமோ கையகலம். பழைய பக்கத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதலாம் என்றேன். நடுவில் திரை ஒரு கணம் வெறுமையாகும், அவ்வளவுதான். நீ சிரித்தாய்.

"தூக்கம் வந்தவனாட்ட கண்ண மூடி மூடி முழிக்குது. இத எவன்டா வாங்குவான்?"

பக்கம் மாறும்போதெல்லாம் நினைவகத்தில் புது இடம் எடுக்கும்படி நீ நிரல் எழுதினாய். பழைய இடத்தை அது விடவே இல்லை. இடம் தீர்ந்ததும் திரை உறைந்தது. ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த கொட்டை முழுவதும் கரி.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் முன்னால், மிசின் ஓட்டிய மாரியப்பனைக் கைகாட்டினாய். "இவரு சும்மா சும்மா பட்டன அமுக்குனா எந்த மிசினுங்க தாங்கும்?"

"ஏனுங்க, அமுக்கறதுக்குத்தானுங்களே பட்டன் வெச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். நீ பூட்ஸ் காலால் என் காலை மிதித்தாய். மாரியப்பனுக்கு வேலை போனது. நான் பிறகு அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன், தவறு பெட்டியில்தான் என்று. "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. அன்னைக்குச் சொன்னவரு வந்து சொல்லலீங்களே" என்றார். அதன்பின் உன்னோடு நான் எதுவும் செய்யவில்லை.

மூன்றாவதை விரித்து எழுதுமுன் சரிபார்த்துவிடலாம் என்று பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். உறையும்வரை அமுக்குவது என்று உட்கார்ந்தேன். விரல்தான் வலித்தது. பக்கம் மாறும்போதெல்லாம் திரை ஒரு கணம் வெறுமையானது. கண்ணை மூடி, முழித்தது. அந்த நிரலை மாற்றத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் மாற்றவில்லை.

எப்போதடா மலையேறினாய்? பெட்டியைத் திருத்தப் போனவனுக்கு, அதே ஊரில் இருந்த மாரியப்பன் ஊட்டுக்குப் போக வழி தெரியவில்லையா?

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அதை அடித்துவிட்டேன். இரண்டாவதை அடிக்கவேண்டியவன் நீ.