பனியில் தொலைந்த மார்ஷ்மல்லோ

அன்புள்ள மருமகள் டாக்னிக்கு,

மினசோட்டாவின் பனி மேல் ஆணை: நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உன் அம்மாவின் அக்கிரமத்தைக் கேள்! போன கிறிஸ்துமஸுக்கு நீ மார்ஷ்மல்லோ செய்தபோது, "கடையில பை பையா கிடைக்குது, எதுக்குடி இந்தக் கூத்து?" என்று உன்னை அழவைத்து அனுப்பினாளே, அதே மகாராணி நேற்று என் அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். பட்டையும் கிராம்பும் போட்டு நான் காய்ச்சிய சாக்லேட் பாலில் மிதக்கவிட, தானே மார்ஷ்மல்லோ செய்கிறாளாம்! பாகை அவள் அடித்த அடியில் என் வீடு மூன்றடி நகர்ந்தது. வெள்ளை வெளேரென்ற அந்த மெத்து மிட்டாய் இறுகட்டும் என்று தட்டைப் பின்வாசலில் வைத்தாள். உடனே பனி கொட்டியது. எது பனி, எது மார்ஷ்மல்லோ என்று யாருக்குத் தெரியும்? நக்க வந்த நாற்பது மான்கள் நாக்கு ஒட்டி நின்றன.

"எல்லாத்தையும் நீதானே தின்னே, தடியா?" என்றாள். என்னை! துண்டுகூடத் தொடாத என்னை!

"செய்முறையை உன் மகளிடமே கேட்டிருக்கலாமே, அக்கா" என்றேன்.

வெகுநேரம் கரண்டியைத் துடைத்தாள். "நீ கேளு. எப்ப வருவான்னும் கேளு. நான் கேட்டேன்னு சொல்லிடாதே."

வீடு நகரவில்லை. மான்களும் வரவில்லை. துண்டுகளைத் தின்றதும் நான்தான். அவள் கேட்கச் சொன்னது மட்டும் சத்தியமான உண்மை.

வீண்பழி சுமக்கும்,
உன் மாமா