எனக்குக் கொடுத்த முதல் பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி

அனுப்புநர்:
மு. மாரீஸ்வரி (வயது 16),
த/பெ முத்துராஜ்,
பதினொன்றாம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு,
ஊருணித் தெரு, குருந்தனேந்தல்,
திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: பள்ளி ஆண்டு விழாவில் என் செயல்திட்டத்துக்கு ‘சிறந்த கற்பனைக் கதை’ என வழங்கப்பட்ட முதல் பரிசை ரத்து செய்து, அதை வரலாறாகவே பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பரிசு கிடைக்கவில்லை என்று தங்களுக்கு எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். கிடைத்த பரிசைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று வருவது இதுதான் முதலாவதாக இருக்கும். நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. இந்தப் பரிசால் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நின்று கிடக்கிறது. தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. கடந்த டிசம்பர் மாதம் எங்கள் வரலாற்று ஆசிரியை, “உங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத ஒன்றை விசாரித்து எழுதி வாருங்கள்” என்று செயல்திட்டம் கொடுத்தார்கள். நான் எங்கள் ஊருணியை எடுத்துக்கொண்டேன். அதன் கரையில் ஒரு கல் நிற்கிறது. ‘இவ்வூருணி திரு. இருளப்பசாமி அவர்களால் வெட்டப்பட்டது’ என்று அதில் இருக்கிறது. ஒரே ஆள் எப்படி ஐயா இவ்வளவு பெரிய ஊருணியை வெட்டியிருக்க முடியும்? சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லில் குடத்தை இறக்கி வைத்துத்தான் இடுப்பு மாற்றியிருக்கிறேன். இந்தக் கேள்வி பதினாறு வயதில்தான் வந்தது.

2. விசாரித்ததில் தெரிந்தது இது. சுமார் நாற்பது வருடங்களுக்கு முன்பு இரண்டு வருடம் மழையே இல்லாமல் போனபோது, ஊரில் பதினான்கு பெண்கள் சேர்ந்து அந்த ஊருணியை வெட்டியிருக்கிறார்கள். நிலம் கொடுத்தவர் இருளப்பசாமி. அது உண்மை, அதையும் எழுதியிருக்கிறேன். வேலை முடியப் பத்து நாள் இருக்கும்போது கீழ்க்கரை சரிந்து, பேச்சியம்மாள் என்ற பதினேழு வயதுப் பெண் மண்ணுக்குள் போய்விட்டார். அவருக்குப் பக்கத்தில் மண்கூடை தூக்கிக்கொண்டு நின்றவர் அவருடைய தங்கை முத்துத்தாய். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. இப்போது எங்கள் தெருவில் நாலாவது வீட்டில் இருக்கிறார். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். “கை மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு தாயி. வளவியப் பாத்துத்தான் அக்கான்னு தெரிஞ்சுது” என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். அந்தப் பதினான்கு பேரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

3. ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது எங்கள் ஆசிரியையின் கட்டளை. எனவே முத்துத்தாய் பெரியம்மாவிடம் போய், “இதுக்கு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டேன். எனக்கு வாய்க்கொழுப்பு ஐயா. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் சொன்னாப் பத்தாதாக்கும்? வா கோயிலுக்கு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு, ஆடு களவு, எதுவானாலும் கடைசித் தீர்ப்பு கருப்பசாமி கோயிலில்தான். சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அப்படிச் செய்தவரை அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பொய்யாகச் செய்தவரை யாரும் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. பெரியம்மா பூசாரி முன்பாகச் சூடம் அடித்து அணைத்தார். நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, ‘ஆதாரங்கள்: 1. சூடம் அணைத்த சத்தியம், திருமதி முத்துத்தாய்’ என்று எழுதினேன். இதைவிட உறுதியான ஆதாரம் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இது செல்லாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

4. என் தவறு இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எங்களை ‘ஆறு பேசுகிறது’, ‘மரம் பேசுகிறது’ என்று கட்டுரை எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் எப்போதும் நல்ல மதிப்பெண். அந்தப் பழக்கத்தில் முதல் பக்கத்தை ‘நான் குருந்தனேந்தல் ஊருணி பேசுகிறேன்’ என்று தொடங்கிவிட்டேன். அழகாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மீதி இருபத்திரண்டு பக்கத்தையும் கதை என்று ஆக்குவார்கள் என்று யார் கண்டது?

5. 31.01.2025 அன்று ஆண்டு விழா. என் செயல்திட்டம் வரலாற்றுப் பிரிவில் இல்லை. படைப்பிலக்கியப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியது யார் என்று கேட்டதற்கு, “பரிசு வந்துருக்குல்ல, பேசாம வாங்கிட்டுப் போ” என்பதுதான் பதில். ஒலிபெருக்கியில், “முழுக்க முழுக்கத் தன் கற்பனை வளத்தால் ஓர் ஊருணியைப் பேச வைத்த மாணவி” என்று அறிவித்தார்கள். ஊரே உட்கார்ந்திருந்தது. முத்துத்தாய் பெரியம்மாவும் பெண்கள் பக்கம் முதல் வரிசையில், பீரோவில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரச் சொன்னவள் நான்தான். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், “கற்பனைன்னா என்னத்தா?” என்று கேட்டிருக்கிறார். “பொய்யி. அதக் கொஞ்சம் நாகரிகமாச் சொல்றாக” என்று பதில் வந்திருக்கிறது. நான் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

6. அதற்கடுத்த வாரம் அவருடைய வெள்ளாடு ஒன்று வயிறு ஊதிச் செத்தது. மழைக்குப் பிறகு ஆடு சாவது புதிதா? ஆனால் ஊரில், “கருப்பன் கேட்டுட்டான்ல” என்று பேச்சு ஆரம்பமாகிவிட்டது. பள்ளிக்கூடமே கற்பனை என்று சொல்லிவிட்டதால் அவர் செய்தது பொய்ச் சத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவருடைய மகள் ஜோதிகாவுக்குப் பந்தல்குடியில் பேசி முடித்துப் பூவும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார், “பொய்ச் சத்தியம் பண்ணுன வீட்டுல பொண்ணு எடுத்தா எங்க குடி வெளங்குமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்குனிப் பொங்கல்வரை பார்ப்பார்களாம். அதற்குள் பேர் தெளியாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். ஜோதிகா அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை ஐயா. நான் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

7. இதையும் நானே சொல்லிவிடுவது மரியாதை. கல்லில் பெயர் இருக்கும் இருளப்பசாமி என் தாத்தா. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக இருந்து மேடையில் எனக்குக் கோப்பை கொடுத்த திரு. தங்கசாமி அவர்கள் என் பெரியப்பா. பரிசு கொடுக்கும்போது என் காதருகே, “கதையாவே இருக்கட்டும்த்தா. யாருக்கும் சங்கடம் இல்ல பாரு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் யாருக்கும் சங்கடம் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனு எழுதுவது வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

8. ஆகவே நான் வேண்டுவது:

பேச்சியம்மாள் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறார். சேர்க்கைப் பதிவேடு தங்கள் துறையிடம்தான் இருக்கும். நான் கேட்டதற்கு, “பழைய ரிஜிஸ்டர் எல்லாம் ஒனக்கு எதுக்கு?” என்று அனுப்பிவிட்டார்கள். தாங்கள் கேட்டால் காட்டுவார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இறப்புப் பதிவேடும் இருக்கும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதில் உண்மை என்று தெரிந்தால், ஒலிபெருக்கியில் கற்பனை என்று சொன்ன அதே பள்ளி, அதே ஒலிபெருக்கியில், ஊர் கூடியிருக்கும்போது உண்மை என்று சொல்ல வேண்டும். நோட்டீஸ் பலகையில் ஒட்டினால் போதாது. எங்கள் ஊரில் அதை ஆடுகூடப் படிக்காது. இது பங்குனிப் பொங்கலுக்கு முன்பாக நடக்க வேண்டும். ஒருவேளை பொய் என்று தெரிந்தால், பொய் என்றே எழுதுங்கள். என்னைத் தண்டியுங்கள். கதை என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் கதையை மட்டமாக நினைப்பவள் இல்லை ஐயா. பள்ளி நூலகத்தில் இருக்கிற கதைப் புத்தகம் எல்லாவற்றையும் முடித்தவள். எனக்கு எழுத வந்ததே அதனால்தான். போன வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்கலாம் என்று பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. பருத்திமார் விறகைச் சின்னதாக ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் ஒன்று கேட்டார்: “எங்க அக்காவக் கதையாக்கிட்டீக. சரி. கதைதான்னா, கடைசியில அவளப் பொழைக்க வச்சிருக்கலாம்ல தாயி?”

அவருக்குப் பதில் சொல்லத் தங்களால் மட்டுமே முடியும் என்று நம்பி, கோப்பையையும் சான்றிதழையும் இத்துடன் அனுப்பி வைக்கிறேன்.

இணைப்பு: முதல் பரிசுக் கோப்பை – 1, சான்றிதழ் (அசல்) – 1, செயல்திட்டத்தின் நகல் – 23 பக்கங்கள்.

இடம்: குருந்தனேந்தல்
நாள்: 24.02.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மாணவி,
(ஒப்பம்) மு. மாரீஸ்வரி,
இருளப்பசாமியின் பேத்தி