ஒரு குடல்வாலின் விலை

4-10-83
இன்று ஏலத்தில் நூற்றுப் பத்து லாட் காய். வியாபாரிகள் ஏலக்காயை முகர்ந்து பார்த்து விலை கேட்பார்கள். முடிந்த விலையை நான் கரும்பலகையில் எழுதுவேன். பதினாறு வருடமாக இதுதான் வேலை. பலகையில் ஏறிய விலையை முதலாளியே வந்தாலும் மாற்ற முடியாது. இவ்வளவு அதிகாரம் உள்ளவனுக்குச் சம்பளம் முந்நூற்று இருபது.

சந்திரவல்லிக்கு மூன்று நாளாக வயிற்று வலி. வாயு என்கிறாள்.

6-10-83
வாயு இல்லை, குடல்வால். உடனே அறுக்க வேண்டுமாம். முதலாளியின் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கிற பழக்கம் இந்த ஊரில் கிடையாதே! போன மாதம் முதலாளி கொடுத்திருந்த அரைக் கிலோ முதல் ரகக் காயைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். ஒன்றை உரித்து முகர்ந்தார். "அருமையான காய்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "முதல்ல ஆள் பொழைக்கட்டும். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். மனிதரில் இப்படியும் ஒரு தெய்வம்!

7-10-83
கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். வராந்தாவில் நின்று அழுதேன்.

14-10-83
தெய்வம் சீட்டு அனுப்பியது. "மொத்தம் 2400." எதற்கு எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. சந்திரவல்லியின் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போனது. கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு.

பக்கத்துக் கட்டிலில் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்த மூக்கம்மாள், களையெடுக்கப் போகிறவள். அதே நாள், அதே டாக்டர், அதே குடல்வால். அவள் சீட்டில் 950. அதற்கே இரண்டு ஆட்டை விற்றிருக்கிறாள்.

கம்பவுண்டர் மலைச்சாமியைப் பிடித்துக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்: "ஆளப் பாத்துத்தாண்ணே போடுறது. நீங்க ஜீப்புல வந்தீக. முத ரகக் காய் கொண்டாந்தீக. ஏலத்தோட்ட மொதலாளின்னு டாக்டரு நெனச்சுட்டாரு."

ஆக, ஏலக்காயை ரகம் பிரிப்பது போல என்னையும் சல்லடையில் போட்டுச் சலித்திருக்கிறார்கள். பருங்காயாக மேலே நின்றுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை முதல் ரகம்!

20-10-83
கடைசி லாட் முடிந்ததும் பலகையில் எழுதினேன்:
குடல்வால் — ஜீப்பில் வந்தது 2400. பஸ்சில் வந்தது 950.

வியாபாரிகள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஆத்தாவுக்கு 3100 வாங்குனாய்ங்க. எழுதுப்பா" என்றார். மேனேஜர் வந்து "ஒச்சப்பா, இது என்ன கூத்து? அழி!" என்று கத்தினார். டீ குடித்துவிட்டு வந்து காதோரம், "என் மாமியாளுக்கு 1800. அதையும் போடு" என்றார்.

வீட்டில் சந்திரவல்லி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். "என் வகுத்த அறுத்தது ஊரு பூரா தெரியணுமா? மானம் போகுது." உயிர் பிழைத்ததும் சண்டைக்குத் தெம்பு வந்துவிட்டது. நல்லதுதான்.

2-11-83
மலைச்சாமி வந்தான். ஊர்ப் பேச்சு டாக்டர் காதுக்குப் போய்விட்டதாம். இனி எல்லாருக்கும் ஒரே விலை, பலகை எழுதி மாட்டப் போகிறாராம். என் எழுத்துத்தான் அழகாக இருக்கிறதாம், நான்தான் எழுத வேண்டுமாம். அவன் நீட்டிய சீட்டைப் பிரித்தேன். குடல்வால் — 2400.

"மூக்கம்மாளுக்குமாடா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணே. நீங்கதான கேட்டீக?"

அடப்பாவி. நான் பலகையில் எழுதப் போய், ஆட்டை விற்றவளை இனி வீட்டையும் விற்கச் சொல்கிறார்கள். இந்தக் கையால் எப்படி எழுத?

7-11-83
எழுதினேன். தகரத்தில், பச்சைப் பெயின்டில். காலையில் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து நானே மாட்டினேன். குடல்வால் — 950.

டாக்டர் வெளியே வந்து பார்த்தார். முகம் மிளகாய் கடித்தது போல் ஆனது. "என்னய்யா இது?" சொன்னேன்: "பலகையில ஏறுன வெலைய மாத்துற வழக்கம் போடியில இல்லைங்க." பெஞ்சில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள். "ஆமாமா" என்றார்கள். ராசிங்காபுரத்துக் கிழவர் ஒருவர் பலகையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, உன் கூலி எவ்வளவு?" என்றார்.

"முதல்ல பெயின்டு காயட்டும். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க."

11-12-83
தையல் போட்ட இடம் மறுபடி புண்ணாகிவிட்டது, காட்டப் போனோம். பலகை அப்படியே தொங்குகிறது. 950 அழியவில்லை. கீழே வேறு யாரோ கோணல் எழுத்தில் பொடிசாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "கட்டில், ஊசி, பஞ்சு தனி."

பஞ்சு எவ்வளவு என்று மலைச்சாமியைக் கேட்டேன். "மொதல்ல புண்ணு ஆறட்டும்ணே" என்றான்.

திரும்பும்போது பஸ்சில் சந்திரவல்லி மஞ்சள் கயிற்றை நெருடிக்கொண்டே வந்தாள். இறங்குகிற சமயத்தில் சொன்னாள்: "நாளைக்குப் பஞ்சு வெலையும் கேட்டு எழுதிப் போடுங்க. வெரசா."