இடது கைப் பிரேக்

பாலையூற்று,
திருகோணமலை.
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள சஜீத் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். என் இடது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அதுவும் முறியவில்லை, பிசகியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவது என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் வந்து நிற்கிறா. வொய்ஸ் அனுப்பினால் உங்கள் அறையில் எல்லோருக்கும் கேட்கும் என்று உங்களோடு இருக்கிற பாஹிம் நானா சொன்னார். அவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். கையோடு தந்துவிடுவார். எனக்கு வாயால் சொல்ல வராது, அது உங்களுக்குத் தெரியும்.

முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். தங்கச்சிக்கென்று நீங்கள் அனுப்பிய சைக்கிளில் ஒரு பழுதும் இல்லை. "பிரேக் பிடிக்காத சைக்கிளக் கப்பல்ல ஏத்தி அனுப்பி என்ட புள்ளையக் கொல்லப் பாத்தியே" என்று உம்மா போனில் உங்களுக்கு ஏசும்போது நான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்ன நடந்தது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. அதன் பிறகு நீங்கள் போன் கோல் எடுக்கவே இல்லை. உம்மா எடுத்தாலும் பதில் இல்லை. போன் வைத்திருக்கிற மேசையைச் சுற்றியே நாங்கள் இரண்டு பேரும் நடக்கிறோம். உம்மா குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவா, பிறகு நான் போய்ப் பார்ப்பேன்.

நடந்ததை எழுதுகிறேன். நம் பழைய சைக்கிளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் போன பிறகு இடியப்பப் பெட்டியைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அதை எடுத்தேன். கொஞ்ச நாளில் முன் பிரேக்கின் கம்பி அறுந்துவிட்டது. வலது கைப் பிடி சும்மா ஆடிக்கொண்டிருக்கும். இடது கையில் இருக்கிற பின் பிரேக்கை மட்டும் வைத்துத்தான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினேன். கிறவல் மண் வீதியில் திரும்பும்போது அந்தப் பிரேக்கை ஒரே இழுவையாக இழுத்தால் பின் சில்லு வழுக்கும். அந்த நேரம் உடம்பை உள்பக்கம் சாய்த்தால் சைக்கிள் தானாகத் திரும்பிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை. கடை திறக்கும் முன் போக வேண்டும் என்ற அவசரத்தில் வந்தது.

அதை ஒரு நாள் துவாரகன் சேர் கண்டுதான் என்னை மலைச் சைக்கிள் கழகத்துக்குக் கூப்பிட்டார். அவர் என் சிநேகிதி சுலோஜனா படிக்கிற பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழகத்தில் பொடியன்கள்தான் அதிகம். என்னைக் கண்டால் "இடியப்ப எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்கடா" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறி, அவர்களுக்கு முதல் கீழே வந்துவிடுவேன்.

அங்கே ஒரு வாக்குவாதம் ஓயவே ஓயாது. ஓடுகிற ஆள் பெரிதா, சைக்கிள் பெரிதா என்று. சேர் ஆளின் பக்கம். "சைக்கிள் வெறும் இரும்பு, ஓடுறது நீங்கள்" என்பார். கொழும்பில் வாங்கிய நல்ல சைக்கிள் வைத்திருக்கிற சுலோஜனா விடமாட்டாள். "அப்ப சேர், அம்ராவின்ர இடியப்பச் சைக்கிளில நீங்கள் ஒருக்கா இறங்குங்கோ பாப்பம்" என்றாள். சேர் உடனே விசிலை ஊதி எல்லோரையும் ஒரு சுற்று ஓட அனுப்பிவிட்டார்.

ஆனால் மலைநாட்டில் நடக்கிற போட்டியில் முன்கூட்டியே சைக்கிளைப் பரிசோதிப்பார்களாம். இரண்டு பிரேக்கும் வேலை செய்யாவிட்டால் தொடக்கக் கோட்டுக்கே விடமாட்டார்கள். நான் அதை உம்மாவிடம் சொல்ல, உம்மா உங்களிடம் சொல்ல, நீங்கள் கம்பனிக் காரில் ஏற்றி இறக்குகிற ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது அவருடைய மகளின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கார்கோவில் போட்டுவிட்டீர்கள். பெட்டியை உடைத்த நாள் நான் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். முன் சில்லைப் பிடிக்கிற கிளையில் ஸ்பிரிங். கம்பிப் பிரேக் இல்லை, எண்ணெயில் வேலை செய்கிற பிரேக். ஒரு விரலால் தொட்டாலே நிற்கும். சமவீதியில் இரண்டு நாள் ஓடிப் பார்த்தேன். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினேன். அதனால் ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் போட்டிக்கான கழகத் தெரிவு கல்குவாரிக்குப் பின்னால் உள்ள மலையில் நடந்தது. மேலே நின்றால் துறைமுகமும், அந்தப் பக்கம் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் தெரியும். பெண் பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் இடம். சுலோஜனா முதலில் இறங்கித் தன் இடத்தை எடுத்துவிட்டாள். பிறகு நான். அந்தச் சைக்கிள் கல்லின் மேலே போகும்போது கல் இருப்பதே தெரியவில்லை, காக்கா. நான் அவ்வளவு வேகமாக ஒருநாளும் வந்ததில்லை. இரண்டாவது வளைவில் வழக்கம் போல இடது கையை இழுத்தேன். பின் சில்லு வழுக்கவில்லை. முன் சில்லு அப்படியே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

மண்ணில் கிடக்கும்போதே என் தலைக்கு மேலே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல சைக்கிள் இவளுக்குக் கூடிப்போச்சு" என்று ஒருவன். "பழசில ஒருநாளும் விழாதவள் புதுசில விழுந்தா, பிழை சைக்கிளில தான்ரா. பிரேக் போயிருக்கும்" என்று மற்றவன். உம்மாவின் காதுக்கு இரண்டாவதுதான் வந்தது. சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் அறையில் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டா. இப்போது அதன் ஹேண்டிலில் துவாய் காயப் போடுகிறா.

இடியப்பம் அடுத்த வீட்டு ஓட்டோவில் போகிறது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இருந்தால் எழும்ப வேண்டும் போல இருக்கிறது, எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. உம்மா இல்லாத நேரம் அந்த அறைக்குள் போய் சைக்கிளின் பின்பக்கத்தைத் தோளால் தூக்கி, அடியில் ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டுக் காலால் பெடலைச் சுற்றினேன். பின் சில்லு ஓடியது. வலது கைப் பிரேக்கைப் பிடித்தேன். பின் சில்லு நின்றது. விட்டேன், பிடித்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். வலதுதான் பின், இடது முன். நம் ஊர் சைக்கிளுக்கு நேர் எதிர். சுலோஜனாவிடம் சொன்னேன், அவள் சேரிடம் கேட்டாள். ஜெர்மனியில் பிரேக்கை அப்படித்தான் பொருத்துவார்களாம். பிரேக் பிடிக்காமல் போகவில்லை, காக்கா. நல்லாகவே பிடித்தது.

இப்போது என்னிடம் ஆளா சைக்கிளா என்று கேட்டால் நான் எந்தப் பக்கமும் நிற்க முடியாது. புதிதாக ஓடுகிற ஒருத்தி என்றால் பயந்து பயந்து இரண்டையும் மெல்லப் பிடித்து இறங்கியிருப்பாள், விழுந்திருக்க மாட்டாள். என் கைக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால்தான் விழுந்தேன். அந்தத் தெரிந்ததும் முன் பிரேக் இல்லாத ஒரு பழைய சைக்கிள் தந்தது. அப்படியென்றால் எது என்னுடையது, எது சைக்கிளுடையது? இதை சேரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "என்னம்மா?" என்றார். "ஒண்டுமில்ல சேர்" என்று வந்துவிட்டேன்.

பிரேக்கைப் பக்கம் மாற்றலாம்தான். ஆனால் அதற்கான எண்ணெயும் சாமானும் இங்கே இல்லை, கொழும்பிலிருந்து வர நாளாகும். அன்றைக்கு நான் விழுந்ததோடு தெரிவை நிறுத்தி, மிச்சத்தை வருகிற போயா, பௌர்ணமி லீவு நாளுக்குத் தள்ளியிருக்கிறார்கள். எனக்கும் இன்னொரு முறை இறங்க சேர் அனுமதி தந்திருக்கிறார். கட்டை அதற்கு முன் அவிழ்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். "சைக்கிள மாத்த ஏலாட்டி கையை மாத்து" என்று சேர் சொல்லி அனுப்பினார். சுலோஜனா வந்து, "நீ வராட்டி அந்தக் குளிருக்குள்ள நான் ஆரோட கதைக்கிறது? பொடியளோடயா? விசரி, கொம்மாட்டக் கேள்" என்று ஏசிவிட்டுப் போனாள். உம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு.

நேற்று இதோடு கடிதத்தை மடித்துவிட்டேன். இன்று திரும்பவும் பிரிக்க வேண்டி வந்தது.

காலையில் உம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தா. நான் அறைக்குள் போய், பூட்டியிருந்த சைக்கிளில் ஏறி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு "வலது பின், இடது முன்" என்று விரலை அசைத்துக்கொண்டிருந்தேன். துவாய் எடுக்க வந்த உம்மா வாசலில் நின்றிருக்கிறா.

"என்ன புள்ள, சைக்கிளுக்கு ஓதிப் பாக்கிறியா?"

எனக்கு இறங்கவும் முடியவில்லை. என்ன வந்ததோ தெரியாது, முழுவதையும் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் ஹேண்டிலைப் பார்த்துச் சொன்னேன். உம்மா மாவுக் கையோடு வந்து வலது பிடியை அமத்தினா. நான் இறங்கிப் பின் சில்லைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன், அது சுற்றவில்லை. பிறகு இடது பிடியை அமத்திக்கொண்டு முன் சில்லைத் தன் காலால் தள்ளிப் பார்த்தா. அது அசையவில்லை.

"அப்ப பிரேக் பிடிச்சிருக்கா?"

"ஓம் உம்மா."

உம்மா கட்டிலில் இருந்துவிட்டா. "நான் அவன என்னெல்லாம் ஏசினன்" என்றா. குசினியில் தண்ணீர் கொதித்து வற்றுகிற சத்தம் கேட்டது. நான்தான் போய் அடுப்பை நிறுத்தினேன்.

திரும்பி வந்து சாவியைக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உம்மாவிடம் ஒன்றை வாய் திறந்து கேட்டேன். உம்மா இல்லை என்று சொல்லவில்லை. "அவன் அனுப்பின சாமான். தாறதா இல்லையாண்டு அவன் சொல்லட்டும்" என்றா. "அப்ப நீங்க அவருக்கு எடுங்க" என்றேன். "எடுத்தா அவன் பேசுறானில்லையே. நான் என்ன மொகத்த வெச்சிக்கிட்டு இன்னும் எடுக்கிற?" என்று துவாயால் முகத்தைத் துடைத்தா. மாவு முகமெல்லாம் பட்டது. சிரிக்க வேண்டிய நேரம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே சாவி இப்போது உங்களிடம்தான் இருக்கிறது, காக்கா.

பின்னேரம் பாஹிம் நானா வீட்டுக்கு வந்தார், எதை எடுத்துப்போக வேண்டும் என்று கேட்க. நீங்கள் எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அங்கே ஸ்டியரிங் இடது பக்கமாமே. போன புதிதில் நீங்கள் சிக்னல் போடுவதற்குப் பதிலாக ஒவ்வொரு சந்தியிலும் வைப்பரைப் போட்டுவிடுவீர்களாம். கொளுத்துகிற வெயிலில் மழை துடைத்துக்கொண்டு போகிற டிரைவர் என்று கம்பனி முழுக்க உங்களைச் சொல்லிச் சிரித்ததாம். ஒரு நாள் பெரிய லொறி ஒன்றுக்கு முன்னால் மயிரிழையில் தப்பினீர்களாம். அதன் பிறகு வண்டியே வேண்டாம் என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த நாள் நீங்களே போய்த் திருப்பி எடுத்தீர்களாம். உம்மா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு எழும்பி உள்ளே போய்விட்டா.

எனக்கு உங்களிடம் அதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கை எப்போது மாறியது? ஒரே நாளில் மாறியதா, மெல்ல மெல்லவா? ஒன்று திடீரென்று குறுக்கே வந்தால் பழைய கை முந்திக்கொள்ளாதா? சேருக்கு இது தெரியாது, சுலோஜனாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் பழகிய கையை மாற்றியவர்.

போயாவுக்கு முன் ஒரு கோல் எடுங்கள். உம்மாதான் எடுப்பா. சைக்கிளைப் பற்றி நீங்கள் தொடங்க வேண்டாம். இன்றைக்கு என்ன கறி என்று கேளுங்கள், மிச்சத்தை அவ பார்த்துக்கொள்ளுவா. பிறகு போனை என்னிடம் தரச் சொல்லுங்கள். நான் "ம்" என்று மட்டும் சொன்னாலும் வைத்துவிட வேண்டாம், கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

அல்லாஹ் உங்களை ஒவ்வொரு சந்தியிலும் காப்பாற்றட்டும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
அம்ரா